காலர்காரியின் கழுத்து

தையல் மெஷினில்தான் கரண்ட் கசிகிறது என்று முதலில் நினைத்தாள். கீழே உருண்ட நூல் சுற்றிய பாபினை எடுக்கக் குனிந்தவளுக்கு, பிடரியில் ஆரம்பித்து முதுகுத்தண்டு வழியாகக் குதிகால்வரைக்கும் சுரீரென்று ஒன்று ஓடி இறங்கியது. "ஐயோ!" என்று கத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். தையல் வரிசையில் இருந்த அத்தனை பேரும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எலக்ட்ரீஷியன் வந்தார். மெஷினின் உடம்பில், மோட்டாரில், மேஜைக் காலில்கூட டெஸ்டரை வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

"மெஷின் சுத்தமா இருக்கும்மா. உங்க உடம்புலதான் எங்கேயோ லீக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் குனிந்தபோது அதே சுரீர், அதே வழியில் இறங்கியது. குளியலறையில் மெஷினும் இல்லை, ஒயரும் இல்லை. ஈரம் சொட்டச் சொட்டச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சட்டைத் தொழிற்சாலையில் ஒரு சட்டையை ஒருவரே தைப்பதில்லை. ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பை, ஒருத்திக்குப் பட்டன். இவளுக்குக் காலர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே காலர்தான். இரண்டு துணிக்கு நடுவே விறைப்புத் துணியை ஒட்டி, ஓரம் தைத்து, புரட்டி, முனையை ஊசிபோல் எடுத்து, சட்டையோடு சேர்க்க வேண்டும். முனை கொஞ்சம் மொண்ணையானாலும் பிரித்துத் தைக்கச் சொல்லிவிடுவார்கள். இவள் தைத்தது திரும்பி வந்ததே இல்லை. "காலரக்கா" என்றுதான் வரிசையில் கூப்பிடுவார்கள். பக்கத்து மெஷினில் இருந்த பட்டன்காரி மட்டும் நல்ல மூடில் இருந்தால் "ஏய் காலரு" என்பாள்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில் மூட்டுவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. கணுக்கள் வீங்கிச் சிவந்திருக்கும். வெந்நீரில் கையை ஊறவைத்து, ஒவ்வொரு விரலாகக் கெஞ்சிக் கூத்தாடி மடக்கித்தான் வேலைக்குக் கிளம்புவாள். மாத்திரை சாப்பிட்டாள், ஊசி போட்டுக்கொண்டாள், சரியானதும் நிறுத்தினாள், மறுபடி வீங்கியதும் ஆரம்பித்தாள். டாக்டர்கள் கையைப் பார்த்தார்கள், முழங்காலைப் பார்த்தார்கள். கழுத்தை யாரும் பார்க்கவில்லை. அவளும் காட்டவில்லை. குனிந்து தைக்கிறவளுக்குக் கழுத்து வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று இருந்துவிட்டாள்.

சுரீருக்குப் பிறகு ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. தலையைக் குனிந்தால் மண்டைக்கு அடியில் 'களக்'. நிமிர்ந்தால் மறுபடி ஒரு 'களக்'. சரியாக மூடாத மேஜை இழுப்பறையை யாரோ உள்ளே தள்ளி வெளியே இழுப்பதுபோல இருந்தது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உனக்குக் கேக்குதா பாரு," என்று மெதுவாகக் குனிந்து காட்டினாள். மகள் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கேக்கலம்மா. உனக்குப் பிரமை," என்றாள்.

அதன்பின் குனியாமல் இருக்கப் பழகினாள். சாப்பிடும்போது, பஸ்ஸில் போகும்போது, எந்நேரமும் உள்ளங்கை தாடைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருக்கும். அவள் கணவர் டவுன்பஸ் டிரைவர். அவர் பிரேக் போட்டால் பின்சீட்டுக்காரர் முன்சீட்டுக்கு வந்துவிடுவார் என்று பேர் வாங்கியவர்.

"என்ன, எப்பப் பாத்தாலும் கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு? கப்பல் கவிழ்ந்துருச்சா?" என்று கேட்டார்.

"பல்வலி," என்றாள்.

ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்கிற பயம்தான். சொல்லாதவரைக்கும் பிரமை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டு வாசலுக்கு வந்தபோது மகள் அவள் காலைப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு செருப்பு எங்க?"

குனியாமல் காலைத் தூக்கிப் பார்த்தாள். வலது கால் வெறுங்காலாக இருந்தது. பாதமெல்லாம் புழுதி, குதிகாலில் கண்ணாடிச் சில்லு கிழித்து ரத்தம் காய்ந்துபோயிருந்தது. செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. கிழித்ததும் தெரியவில்லை. இவ்வளவு தூரம் நடந்து வந்த கால் தன்னுடையதுதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"பஸ்ல கூட்டம், யாரோ மிதிச்சிட்டாங்க," என்று சமாளித்துவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

மறுநாள் பட்டன்காரியிடம் மட்டும் சொன்னாள். அவள் பெரிய மனசுக்காரி. அடுத்தவர் கஷ்டம் என்றால் உடனே வழி சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"அட, இது கழுத்து பிசகிக்கிட்டதுக்கா. எங்க வீட்டுக்காரருக்கு இப்படித்தான் இருந்துச்சு. மார்க்கெட் பின்னாடி ஒரு மசாஜ் கடை இருக்கு. அந்த ஆளு தலையப் புடிச்சு ஒரே திருப்பு. படக்குன்னு ஒரு சத்தம். எந்திரிச்சு வந்துடலாம்."

ஆஸ்பத்திரி என்றால் ஊருக்கே தெரியும். இது ஒரே திருப்பு. அவளுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது.

கடை சின்ன அறைதான். சுழல் நாற்காலி ஒன்று, எண்ணெய்ப் பாட்டில்கள், சுவரில் தசைகள் வரைந்த மனிதப் படம். மசாஜ்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தோள்பட்டையைப் பிடித்துவிட்டபோது சுகமாகக்கூட இருந்தது. பிறகு பின்னால் வந்து நின்று ஒரு கையால் தாடையையும் ஒரு கையால் பின்மண்டையையும் பற்றிக்கொண்டார்.

"உடம்ப லூசா விடுங்க. பயப்படாதீங்க. தலைய லேசாக் குனிங்க."

குனிந்தாள். அவர் திருப்பக்கூட இல்லை. அந்தக் கைகளின் கனம் மட்டும் தலைமேல் இறங்கியது. 'களக்' என்றது. இந்தத் தடவை சுரீர் ஓடி மறையவில்லை, அப்படியே நின்றது. இரண்டு கைகளும் காணாமல் போயின. மடியில் கிடந்தன, ஆனால் அவளோடு இல்லை. அவள் போட்ட அலறலில் மசாஜ்காரர் கையை எடுத்துவிட்டார். தலையைப் பின்னால் சாய்த்ததும் கைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன, எறும்பு ஊர்வதுபோல.

"பிசகு கெட்டியா இருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவ, வந்துரும்," என்றார் அவர்.

"வேணாம்," என்று எழுந்தவள் திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு வந்தாள். இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடித்தபடி நடந்தாள். நிறைகுடத்தைத் தலையில் வைத்து நடக்கிறவள்போல அவள் போவதை எதிரில் வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு மானம் போவதைப் பற்றியெல்லாம் நினைவில்லை. தலை உடம்பின்மேல் சும்மா வைக்கப்பட்டிருக்கிறது, கட்டப்படவில்லை என்று எப்படியோ புரிந்துவிட்டது.

அன்று கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு எழுந்துபோய்ச் சட்டையை மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல. நாளைக்கு லீவு சொல்லணும்." பட்டனைப் போடாமல் நின்றார். "பல்வலின்னு சொன்னியேடி."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் இளவயதுக்காரர். வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சலித்துப்போன முகம். நேராக நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். "சரி, இப்ப மெதுவாக் குனிங்க. முடிஞ்ச வரைக்கும் போதும். மூச்சப் புடிச்சுக்குங்க." எடுத்தார். "ஆச்சு, நிமிர்ந்துக்கலாம்," என்று கண்ணாடிக்குப் பின்னால் போனார்.

அவள் நிமிர்ந்து, வெளியே போகக் காலெடுத்து வைத்தாள்.

"அம்மா. அங்கேயே நில்லுங்க."

சத்தம் போடவில்லை. குரல்தான் மாறிவிட்டது. சலிப்பெல்லாம் போய், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலாக இருந்தது. "அசையாதீங்க. கீழ பாக்காதீங்க. நான் வரேன்." ஓடி வந்து ஒரு நாற்காலியை அவள் முழங்காலுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்து, தோளைப் பிடித்து உட்காரவைத்தார். போன் பண்ணினார். கெட்டியான பிளாஸ்டிக் கழுத்துப்பட்டை ஒன்று வந்தது. இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மாட்டினார். அதுவரை அவளுக்கு இருந்த பயமெல்லாம் பயமே இல்லை என்று ஆகிவிட்டது. முன்பின் தெரியாத ஆட்கள் தன்னை முட்டைபோல் தொடுவதைப் பார்த்தபோதுதான் நிஜமான பயம் வந்தது.

எலும்பு டாக்டர் ஒரு பெண். மேஜைமேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் உச்சியைத் தொட்டுக் காட்டினார்.

"இதும்மா முதல் எலும்பு. வளையல் மாதிரி இருக்கா? இதுமேலதான் தலை உக்காந்திருக்கு. கீழ இருக்கிற ரெண்டாவது எலும்புல ஒரு விரல் மாதிரி மேல நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. அந்த விரல் இந்த வளையத்துக்குள்ள நிக்குது. நாம தலையத் திருப்புறப்போ இந்த விரலச் சுத்திதான் வளையம் திரும்பும். மத்த எலும்புங்களுக்கு நடுவுல மெத்தை மாதிரி வட்டு இருக்கும். இங்க அது கிடையாது. எல்லாம் நாரோட பலத்துலதான் நிக்குது. எலும்பையும் எலும்பையும் கட்டி வெக்கிற நார், லிகமென்ட்னு சொல்வோம். விரலுக்குப் பின்னால, குறுக்க, ஒரு பட்டை மாதிரி ஒரு நார் இருக்கு. விரல் நகராம அதுதான் புடிச்சு வெச்சிருக்கு. அந்தப் பட்டைக்குப் பின்னாடி..."

கொஞ்சம் நிறுத்தினார்.

"அந்தப் பட்டைக்குப் பின்னாடிதான் தண்டுவடம் போகுது. கை, கால், மூச்சு, எல்லாத்துக்கும் போற நரம்பு."

கணவர் நாற்காலியை மேஜைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"உங்க மூட்டுவாதம் விரல்லயும் முழங்கால்லயும் மட்டும் இல்லம்மா. இங்கயும் மூட்டு இருக்கே. உள்ளுக்குள்ளயே வீங்கி வீங்கி அந்த நார அரிச்சிருச்சு. தொளதொளன்னு ஆயிருச்சு. நீங்க குனியும்போது வளையம் முன்னால வழுக்குது, நரம்பு நடுவுல நசுங்குது. அதான் அந்த ஷாக்கு."

"அதத் தைச்சுட முடியாதுங்களா?" என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"தைக்கிறதுக்குத் துணி இருந்தாத்தானேம்மா? நூலு நூலா இருக்கு. அதனால ரெண்டு எலும்பையும் ஸ்க்ரூ போட்டு ஒண்ணாச் சேத்துருவோம். இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்து நடுவுல வெப்போம். நாளாக ஆக ரெண்டும் ஒரே எலும்பா ஒட்டிக்கும். ஆனா தலை திரும்புறதுல பாதி இந்த ஒரு இடத்துலதான். அது போயிரும்."

மசாஜ் கடையைப் பற்றிக் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, "அதப்பத்தி இனிமே நினைக்காதீங்க," என்று மட்டும் சொன்னார். அவள் பிறகு நினைத்துக்கொண்டதெல்லாம் அதைத்தான்.

"ஆபரேஷன்ல ஆபத்து இருக்குங்களா?" என்று கேட்டார் கணவர்.

"இருக்கு. பக்கத்துலயே மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்கு. மறைக்க மாட்டேன். ஆனா இப்படியே விட்டா அதவிட ஆபத்து. படியில ஒரு சறுக்கு, வண்டியில ஒரு குலுக்கு போதும். சம்மதமா?"

பெரியவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியே வளர்ந்தவள். பழக்கதோஷத்தில் இப்போதும் ஆட்டப்போனாள்.

"ஆட்டாதீங்க!" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கதவருகே நின்ற நர்ஸ்தான் மூன்றாவது ஆள்.

"சம்மதம்," என்றாள் வாயால். வாழ்நாளெல்லாம் காலர் தைத்தவளுக்குக் கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு காலர் போட்டு அனுப்பினார்கள். தொழிற்சாலையில் இதைக் கேள்விப்பட்ட பட்டன்காரி சிரிக்கப்போய், அழுதுவிட்டாளாம்.

அந்த ஆபரேஷனைப் பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் அந்த டாக்டரம்மா செய்வார். நாள் குறித்துச் சொல்லும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில்தான் இருபது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறாள். இப்போது மூலைக்கு மூலை எமன் உட்கார்ந்திருந்தான். குளியலறைத் தரை, வாசற்படி, கதவைத் தள்ளிக்கொண்டு வரும் பக்கத்து வீட்டு நாய். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்தி, சுவரோடு தலையை ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய அதைத் திருப்பி அனுப்பப் பார்ப்பாள். மகள் காலேஜிலிருந்து வந்து பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பது வழக்கம். ஒருநாள் மறந்துபோய்க் கையை நீட்டிவிட்டு, நடுவழியில் ஞாபகம் வந்து, நெருப்பைத் தொட்டவள்போல இழுத்துக்கொண்டாள்.

கணவர் தரை முழுக்க ரப்பர் விரிப்புப் போட்டார். கட்டில் கால்களை அறுத்து உயரத்தைக் குறைத்தார். தெருவில் பந்து விளையாடிய பிள்ளைகளை விரட்டினார். எல்லாம் செய்தார், ஆனால் கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். உப்பில்லாத குழம்பைக்கூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். அந்த அமைதிதான் அவளை அதிகம் மிரட்டியது. எக்ஸ்ரே படத்தைவிட அவர் முகம் பயங்கரமாக இருந்தது.

ஒரு மத்தியானம் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"இங்க உக்காரு. வீட்டுல எது எது எங்க இருக்குன்னு சொல்லிடறேன். என் கம்மல் மேல் பெட்டியில, துணிக்கு அடியில..."

"எதுக்கு?"

"தெரிஞ்சு வெச்சுக்கோயேன்."

"தெரிய வேணாம்."

"அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுடி. காலையில மாத்திரை எடுத்துக் குடுத்தாத்தான் போடுவாரு. அப்புறம் உன் கல்யாணத்துக்குன்னு..."

"அம்மா, நிறுத்துறியா?" மகள் எழுந்துவிட்டாள். "உன் கம்மல் உனக்கு வேணும்னா நீயே வந்து எடுத்துப் போட்டுக்கோ. நான் தொட மாட்டேன். எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்ல." காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்தாள். இவள் எழுந்து பின்னால் போக நினைத்தாள். வேகமாக எழ முடியாது. மெதுவாக எழுந்து, மெதுவாகத் திரும்பி, விரிப்பின்மேல் ஒவ்வோர் அடியாக வைத்துப் போய்ச் சேர்ந்தபோது மகள் அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

நாள் வந்தது. பட்டை போட்டபடி, சாய்ந்த வாக்கில், மெதுவாக வண்டியில் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவரின் பஸ் டிப்போ நண்பர் ஒருவர் தன் வேனைக் கொடுத்தார்; தானே ஓட்டுவதாகவும் சொன்னார்.

"வேணாம். இவரே ஓட்டட்டும்," என்றாள் அவள்.

"என்னால முடியாது," என்றார் கணவர். பஸ் ஓட்டி ஓட்டி நரைத்த மனிதர், கை நடுங்குவதைக் காட்டினார். "பாரு. இந்தக் கைய வெச்சுக்கிட்டா?"

"மத்தவங்க எப்ப பிரேக் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க போடுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுரும்."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். நடு சீட்டைச் சாய்த்து, தலைக்கு இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டுகளை வைத்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொள்ள, வண்டி கிளம்பியது.

அவளால் வண்டியின் கூரையும், கண்ணைத் தாழ்த்தினால் கணவரின் பிடரியும் மட்டும் பார்க்க முடிந்தது. பிடரியில் வேர்வை கோத்து, காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி மாட்டுவண்டி வேகத்தில் போனது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "வண்டி ஓட்டத் தெரியாதவன் எல்லாம் எதுக்குய்யா ரோட்டுக்கு வர்ற?" என்று திட்டிவிட்டுப் போனார். இதே வார்த்தையை இவர் எத்தனை பேரைப் பார்த்துச் சொல்லியிருப்பார். இன்று வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "பள்ளம்" என்று மெல்லச் சொன்னார். மகளின் விரல்கள் நெற்றியில் இறுகும். பள்ளம் கடந்ததும் அவள் கால் கட்டைவிரலை அசைத்துப் பார்த்துக்கொள்வாள். அசையும். அடுத்த பள்ளம்வரை உயிர்.

நகரம் நெருங்கும்போது, மரங்கள் இருந்த ஒரு வளைவில், கணவரின் தோள் சட்டென்று இறுகியதைப் பார்த்தாள். பிரேக் போடப்போகிறார் என்று தெரிந்தது. பற்களைக் கடித்துக்கொண்டாள்.

அவர் போடவில்லை. காலை மெல்ல எடுத்துவிட்டு, வண்டியை அப்படியே சாலையிலிருந்து இறக்கினார். சரளைக் கற்கள் அடியில் நறநறவென்று அரைபட்டன. கிளைகள் ஜன்னலை உரசின. வண்டி புல்லும் மண்ணுமான சரிவில் ஏறி, தன் வேகத்தைத் தானே தின்று, ஒரு பெருமூச்சோடு நின்றது. மகள் அவள் முகத்தோடு முகத்தை வைத்து அமுக்கிப் பிடித்திருந்தாள். சாலை நடுவே, பக்கம் பார்க்காமல் குறுக்கே வந்த சைக்கிள்காரர் திகைத்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

அவள் கட்டைவிரலைத் தேடினாள். முதலில் கிடைக்கவில்லை. பிறகு இடது காலில் ஒன்று, வலது காலில் ஒன்று, செருப்பின் வாரில் உரசின.

"இருக்கு," என்றாள்.

கணவர் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"இருபது வருஷமா பஸ்ஸுல இருக்கிறவங்களுக்கெல்லாம் இப்படி ஓட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்," என்றாள். அவர் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். "பள்ளம்," என்றார்.

ஆபரேஷனுக்கு முன் இன்னொரு பயம் காத்திருந்தது. மயக்க மருந்து கொடுப்பதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டைக்குள் மூச்சுக்கான குழாய் போடுவார்களாம். இவளுக்கு அப்படிச் சாய்க்கக் கூடாது. அதனால் விழித்திருக்கும்போதே தொண்டையை மரத்துப்போகவைத்து, மூக்கு வழியாகக் குழாய் விடுவோம் என்றார் மயக்க டாக்டர். "கஷ்டமா இருக்கும். ஆனா நீங்க ஒத்துழைச்சா சீக்கிரம் முடிஞ்சுரும்."

கஷ்டமாகத்தான் இருந்தது. மூச்சுக்குள் யாரோ கையை விட்டதுபோல இருந்தது. எழுந்து ஓடச் சொன்னது உடம்பு. அசையாதே என்றது கழுத்து. ஒரு நர்ஸ் அவள் வீங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கைய அசைங்க. கால அசைங்க. போதும், இனிமே தூங்கலாம்." தூங்கு என்று சொன்னவர்கள்மேல் அவளுக்கு வந்த நன்றிக்கு அளவில்லை.

கண் விழித்தபோது வெளிச்சமாக இருந்தது. டாக்டரம்மாவின் முகம் தெரிந்தது. தொண்டை எரிந்தது, பின்தலையில் பாறாங்கல்லை வைத்துக் கட்டியதுபோல ஒரு கனம்.

"முடிஞ்சுதும்மா. எங்க, கால் விரல அசைங்க பாக்கலாம்."

அவள் அசைக்கவில்லை.

"அம்மா? கேக்குதா? கால் விரல்."

கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் அசைத்துப் பார்க்காதவரைக்கும் கால் இருக்கிறது. அசைத்துப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லையென்றால்? இன்னும் கொஞ்ச நேரம், இந்தத் தெரியாமையிலேயே கிடந்துவிடலாமே என்று இருந்தது. டாக்டரின் முகம் மாறுவதைப் பார்த்தாள். அந்த முகமும் பயப்படுகிறது என்று தெரிந்ததும் பாவமாக இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, செத்தாலும் பிழைத்தாலும் சரி என்று அசைத்தாள்.

"ஆங். ரெண்டும் நல்லா அசையுது," என்றார் டாக்டர். "என்னையும் கொஞ்ச நேரம் கலங்க வெச்சுட்டீங்க."

எலும்பு ஒட்ட மாதக்கணக்காயிற்று. ஸ்க்ரூ பிடித்ததா, வைத்த எலும்பு ஒட்டியதா என்று அடிக்கடி படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒட்டியது. கைவிரல் நுனிகளில் மரமரப்பு மட்டும் போகவில்லை, அது போகாது என்று சொல்லிவிட்டார்கள். மூட்டுவாத மாத்திரையை இப்போது நிறுத்துவதே இல்லை. கழுத்தில் அதற்குக் கீழே உள்ள மூட்டுகளுக்கு இனிமேல் வேலை அதிகம், அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

தலை முன்போல் திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவாள். தெருவில் ஒரு பெண்மணி, "ஆபரேஷன் பண்ணிட்டு வந்ததுலேருந்து ரொம்பத்தான் நிமிர்ந்து நடக்குறா, ஒருத்தரையும் திரும்பிப் பாக்குறதில்ல," என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. அதைக் கேட்டுவிட்டு வந்து கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கேலி பேசும் வாய் திரும்பி வந்துவிட்டதில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

தொழிற்சாலையில் காலர் வேலையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். தைத்து முடித்த சட்டைகள் கண் உயரத்தில் தொங்கிக்கொண்டு வரும். நின்றபடியே பார்த்துப் பழுது சொல்லும் வேலை இவளுக்கு. வேலை பழகிவிட்டது. பழகாதது படிக்கட்டுதான். மணி அடித்ததும் மூன்று மாடிப் பெண்களும் ஒரே படிக்கட்டில் இடித்துப் பிடித்து இறங்குவார்கள். எல்லாரும் போகும்வரை மேலேயே நின்று, கடைசியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். பட்டன்காரி இரண்டு கைகளையும் வேலிபோல் விரித்துக்கொண்டு பின்னால் வருவாள். மசாஜ் கடைக்கு அனுப்பிய குற்றவுணர்ச்சி அவளுக்கு இன்னும் தீரவில்லை. வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் பட்டன்காரி லீவு. இவள் சரி பார்த்து அனுப்பிய ஒரு கட்டுச் சட்டையைக் காலர் முனை மொண்ணை என்று மேஸ்திரி திருப்பி அனுப்பியிருந்தார். அதைப் பற்றி இன்னொருத்தியோடு வாக்குவாதம். மணி அடித்தது. பேச்சு நிற்கவில்லை. "அந்த முனை மொண்ணைன்னு எந்தக் கண்ணு சொல்லுச்சு? என் கண்ணு முன்னால எடுத்துட்டு வரச் சொல்லு," என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே நடந்தாள். சுற்றிலும் தோள்கள் இடித்தன, யாரோ செருப்பை மிதித்தார்கள், அவளும் யாரையோ முழங்கையால் தள்ளினாள். நியாயம் பேசி முடித்தபோது கேட்டுக்கு வெளியே, மழையில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. படிக்கட்டில் இறங்கியிருக்கிறோம். கூட்டத்தோடு, கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, சாவகாசமாக. சுவரோரம் சாய்ந்து நின்றாள். உள்ளங்கை தானாகப் பிடரியைத் தொட்டுப் பார்த்தது. தழும்புமேல் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்றாள் கூட வந்தவள்.

"ஒண்ணுமில்ல. நீ போ," என்றாள். "அந்தச் சட்டைய மட்டும் நாளைக்குக் காலையில எடுத்து வெய்யி. நான் வந்து பாக்குறேன்."